கூட்டம் இல்லாத கோதா

வட கொல்கத்தாவில் ஹெதுவா குளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கோயாபாகான். மல்யுத்தம் தெரிந்தவர்களுக்கு அது கோபர் குஹாவின் பேட்டை. யதீந்திர சரண் குஹா என்பது அவருடைய முழுப்பெயர். 1892இல் பிறந்தவர். 1921 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சான்டலை வீழ்த்தி, உலக லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். அந்த ஆட்டத்தைக் கல்கத்தாவில் இருந்தவர்கள் பார்க்கவில்லை. பத்திரிகையில் படித்தார்கள், படித்தவர் சொல்ல மற்றவர்கள் கேட்டார்கள். ஆனால் ஆளைப் பார்க்க முடிந்தது. ஊர் திரும்பிய உலக சாம்பியன் அகாரா எனும் தன் மல்யுத்தக் கூடத்தில் நின்று பேட்டைப் பையன்களுக்குப் பிடியும் பூட்டும் சொல்லிக்கொடுத்தார்.

இன்று நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் நடக்கும் மல்யுத்தம் அதே நேரத்தில் நம் உள்ளங்கையில் ஓடுகிறது. வியர்வைத் துளிகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆள்தான் எட்டாத தூரத்தில் இருக்கிறார். இது மல்யுத்தத்தோடு நின்றிருந்தால் எழுத வேண்டியதில்லை. கேபிளுக்குப் பணம் கட்டுவது, கெட்டுப்போன பொருளுக்கு நியாயம் கேட்பது, பூஜைக்குப் போய்ச் சாமி பார்ப்பது என்று இந்த நகரத்தின் அன்றாடம் முழுவதிலும் எதிரே இருந்த மனித முகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே வந்தது. கொரோனாக் காலம் அந்த விலகலை ஒரேயடியாக வேகப்படுத்தியது.

மண்ணில் இறங்கிய காலம்

குஹா வீட்டாருக்கு மல்யுத்தம் பரம்பரைச் சொத்து. கோபரின் தாத்தா அம்பிகா சரண் குஹா, ஊரார் வாயில் அம்பு பாபு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வட கல்கத்தாவில் அகாரா நடத்தியவர். பின்னாளில் விவேகானந்தர் ஆன நரேந்திரநாதர் இளமையில் அங்கே பயின்றிருக்கிறார். கோபரின் அகாராவில் பழகியவர்களில் ஒருவர் பாடகர் மன்னா டே. ‘செம்மீன்’ படத்தின் பாட்டு வழியாகத் தமிழர்களுக்கும் நெருக்கமான அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், இளம் வயதில் லங்கோடு கட்டி மண்ணில் உருண்டவர் என்பது பலருக்குத் தெரியாது.

அகாரா என்றால் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. ஒரு கூரை, ஒரு அனுமார் படம், சலித்து எண்ணெயும் மஞ்சளும் சேர்த்துப் பதப்படுத்திய மண். காலையில் மண்ணைக் கொத்திக் கிளறிவிடுவதே முதல் பயிற்சி. குமாஸ்தா, மாணவர், மூட்டை தூக்குபவர், பால்காரர் எல்லோரும் அதே மண்ணைப் பூசிக்கொண்டார்கள். கோழைகள் என்று வெள்ளைக்காரன் முத்திரை குத்திய வங்காளிகள், அந்தப் பழியைத் துடைக்க உடம்பை வளர்த்த காலம் அது. அந்த வேகத்தின் தொடர்ச்சியாகத்தான் மனோதோஷ் ராய் 1951லும், மனோஹர் ஐச் 1952லும் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தத்தம் பிரிவில் பட்டம் வாங்கினார்கள். ஐந்தடிகூட இல்லாத ஐச், நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016இல் இந்த ஊரிலேயே காலமானார்.

அதன் பின் தாரா சிங் வந்தார். தாரா சிங், கிங் காங் பெயர்களைச் சொன்னால் இன்றும் தமிழ்நாட்டுத் தாத்தாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1959இல் கல்கத்தாவில்தான் தாரா சிங், ஜார்ஜ் கார்டியெங்கோவைத் தோற்கடித்துக் காமன்வெல்த் பட்டம் பெற்றார். டிக்கெட் வாங்கி, நெரிசலில் நசுங்கி, பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்த தலைமுறை அது. மல்லன் விழும் சத்தம் பார்ப்பவன் காலடியில் அதிரும். ஜெயித்தவனைத் தூக்கிச் செல்லும் கூட்டத்தில் தானும் ஓர் ஆளாக நடக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கூட்டம்

1975 ஆகஸ்ட் 9 அன்று கல்கத்தா தூர்தர்ஷன் ஒளிபரப்பைத் தொடங்கியது. தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் பெட்டி. கதவு திறந்தே இருக்கும். வீட்டுக்காரர் நாற்காலியில், பிள்ளைகள் தரையில், இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்கத்தாவை வாட்டிய மின்வெட்டில் திடீரென்று படம் அணையும். யாரும் உடனே எழுந்து போக மாட்டார்கள். மெழுகுவத்தி வரும், அதன் பின்னாலேயே பேச்சும் வரும்.

1991க்குப் பிறகு செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தம் நம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. ஹல்க் ஹோகன், பிரெட் ஹார்ட், அண்டர்டேக்கர், ஷான் மைக்கேல்ஸ். உயரம், எடை, ரேங்க் அச்சடித்த சீட்டுக்கட்டு பெட்டிக்கடைக்கு வந்தது. லேக் மார்க்கெட் பக்கம் வாழையிலையும் மல்லிகையும் காபிப்பொடியும் வாங்கப்போகும் தமிழ் வீட்டுப் பையன்களான நாங்கள், மீதிச் சில்லறைக்கு அந்தச் சீட்டை வாங்கி வந்தோம். அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்று வங்காளிப் பையனும் நம்பினான், தமிழ்ப் பையனும் நம்பினான். எந்தப் பத்திரிகையும் எழுதாத அந்தக் கதை இந்தியா முழுக்க எப்படிப் பரவியது என்பது இன்றும் எனக்கு வியப்பு.

இதெல்லாம் நாடகம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். 1989லேயே நியூ ஜெர்சி மாநில செனட் முன்னால் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பை நடத்திய வின்ஸ் மெக்மஹோனின் நிறுவனம், தங்கள் ஆட்டம் போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபட அப்படிச் சொன்னார்கள். ஆனால் முடிவு முன்பே எழுதப்பட்ட ஆட்டத்தைக்கூட எங்கள் கூச்சல் நிஜமாக்கியது. நம்மூர்த் தெருக்கூத்தில் பாஞ்சாலியின் கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் துச்சாதனன் வரும்போது கூட்டம் பதறும். மல்யுத்தத்தின் உயிரும் அந்தப் பதற்றத்தில்தான் இருந்தது.

அந்த நாட்களில் நுகர்வோர் தொல்லைகளும் இருந்தன. மழை பெய்தால் படம் புள்ளிபுள்ளியாகும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கம்பி அறுந்துபோகும். ஆனால் மாதத்தின் முதல் வாரம் கேபிள்காரர் சைக்கிளில் நேரில் வருவார். அம்மாவை அவர் மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் அழைப்பார். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

“என்னப்பா, நேத்து ராத்திரி முழுக்கப் படமே வரலியே?”

“மழைத் தண்ணி இறங்கியிருக்கும் மாஷிமா. சாயங்காலம் பையனோட வரேன்.”

வருவார். வராவிட்டால் அடுத்த மாதம் பணம் கொடுக்கும்போது அம்மா பத்து ரூபாய் பிடித்துக்கொள்வார். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார். சட்டமும் மனுவும் இல்லாமல் ஒரு வழக்கு வாசலிலேயே தீர்ந்துவிடும். வெயிட்டுக் கல்லில் ஏமாற்றும் மீன்காரரும், பழைய ரொட்டியைத் தலையில் கட்டும் கடைக்காரரும் அன்றும் உண்டுதான். ஆனால் யாரிடம் சண்டைபோட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருந்தது.

ஒரே நாளில் இரண்டு காட்சிகள்

2020 மார்ச் 17 அன்று மேற்கு வங்கத்தில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மெட்ரோ நின்றது, டிராம் நின்றது, புறநகர் ரயில் நின்றது. முகக்கவசத்துக்கும் கைகழுவும் சானிடைசருக்கும் கடைகள் வாய்க்கு வந்த விலை சொல்ல, மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது: மூன்றடுக்குக் கவசம் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய். விலைப்பட்டியல் ஒன்று இருந்தது, கடையில் விலை வேறாக இருந்தது. யாரைப் போனில் அழைத்தாலும் முதலில் இருமல், பிறகு எச்சரிக்கை உரை. அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிடும்போதும் அதைக் கேட்டு முடித்தாக வேண்டும். ஆனால் வாங்க ஆளில்லாமல் பாலைக் கொட்டி அழிக்கும் நிலை வந்ததும், மார்ச் மாதக் கடைசியில் மாநில அரசு மிட்டாய்க் கடைகளைப் பகல் 12 முதல் 4 மணி வரை திறக்க அனுமதித்தது. ஊரடங்கிலும் சந்தேஷ் கிடைத்த ஊர் இது. சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று வாங்கிப்போன அந்த நான்கு மணி நேரம் பலருக்கு மருந்தாக இருந்தது.

ஏப்ரல் 5 என்ற தேதியை நான் மறக்க மாட்டேன். அன்று விடியற்காலை நம் நேரத்துக்கு, அமெரிக்க மல்யுத்தத்தின் பெரிய ஆண்டு விழாவான ரெஸில்மேனியாவின் முதல் இரவு ஒளிபரப்பானது. டாம்பா நகரின் பெரிய மைதானத்தில் பல்லாயிரம் பேர் முன்னால் நடக்க வேண்டிய விழா, ஆர்லாண்டோவில் ஒரு பயிற்சிக் கூடத்தில், ஒரு ரசிகர்கூட இல்லாமல் படமாக்கப்பட்டிருந்தது. மல்லர்கள் நடந்து வந்தார்கள், கைதட்டல் இல்லை. ஒருவர் மற்றவரைத் தூக்கி எறிந்தார், பலகை அதிரும் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன. வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஆட்டம் முதன்முறையாக வெறும் உடற்பயிற்சியாகத் தெரிந்தது. அன்றிரவு 9 மணிக்கு, பிரதமர் கேட்டுக்கொண்டபடி, நாடு முழுவதும் 9 நிமிடம் விளக்கணைத்து அகல் ஏற்றினார்கள். எங்கள் சந்திலும் ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு சுடர். எதிர்வீட்டு மாஷிமா கையை உயர்த்திக் காட்டினார். பல நாள் கழித்து அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கூட்டம் இல்லாத கோதாவையும், கூட்டத்துக்கு ஏங்கிய தெருவையும் ஒரே நாளில் பார்த்துவிட்டேன்.

கரியாஹாட் பக்கம் காவலர்கள் தெருவில் நின்று ஒலிபெருக்கியில் பாடி, வீட்டுக்குள் இருந்தவர்களைத் தேற்றினார்கள். பால்கனிகளிலிருந்து கைதட்டல் வந்தது. மே 20 அன்று அம்பன் புயல் அடித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகங்கள் வெள்ளத்தில் மிதந்தன. பல பேட்டைகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, போன் சிக்னல் இல்லை. சாய்ந்த மரங்களை அகற்ற ராணுவம் வந்தது. அந்த நாட்களில் முகக்கவசம் கட்டிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு வந்தோம். ஒரு வீட்டு இன்வெர்ட்டரில் பல வீட்டுப் போன்கள் சார்ஜ் ஏறின. கைபம்பில் வரிசை நின்றது. எல்லா இணைப்பும் அறுந்தபோது பழைய இணைப்பு ஒன்று தானாகத் தலைதூக்கியதை அன்று கண்ணால் கண்டோம்.

ஆகஸ்ட் 21 முதல் அந்த அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. கோதாவைச் சுற்றி எல்.இ.டி. திரைகள். ஒவ்வொரு சதுரத்திலும் வீட்டிலிருந்து பார்க்கும் ஒரு ரசிகரின் முகம். ஆரவாரத்தைப் பதிவுசெய்து ஓடவிட்டார்கள். அக்டோபரில் இங்கே துர்கா பூஜை. பந்தல்களுக்குள் பார்வையாளர் நுழையக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 19ஆம் தேதி உத்தரவிட்டது. அந்த ஆண்டு பெஹாலாவின் பரிஷா கிளப், குழந்தையைச் சுமந்து நடக்கும் புலம்பெயர் தொழிலாளித் தாயாக துர்கையை வடித்தது. அந்தச் சிலையை ஊரே போனில் பார்த்தது. நவம்பர் 22 அன்று, முதன்முதலில் கோதா ஏறிய அதே தேதியில், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அண்டர்டேக்கர் விடைபெற்றார். எத்தனையோ லட்சம் சிறுவர்களை நடுங்கவைத்தவர் திரைகளுக்கு நடுவே தனியாக நின்றார். ஒரு கலைஞனுக்கு அதைவிடப் பெரிய குறை கிடையாது.

திறந்த கதவும் மூடிய கதவும்

கூட்டம் திரும்பி வந்துவிட்டது. 2021 டிசம்பரில் கொல்கத்தாவின் துர்கா பூஜை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பந்தல்களில் மறுபடியும் கால் வைக்க இடமில்லை. காபி ஹவுஸில் மறுபடியும் மேஜை கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள் ஒன்று மாறியது மாறியதுதான். ஒரே கூடத்தில் நான்கு பேர், நான்கு போன், நான்கு காதொலி. என் அக்கா மகன் ரோமன் ரெய்ன்ஸ் ஆட்டத்தைப் பார்க்கிறான். யார் ஜெயித்தார் என்று அவன் முகத்தை வைத்துத்தான் எங்களுக்குத் தெரிகிறது.

அவன் பார்க்கும் இடமும் அடிக்கடி மாறியது. ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்த மல்யுத்தம், டென் ஸ்போர்ட்ஸுக்குப் போய், சோனி கைக்கு மாறி, 2025 ஏப்ரல் முதல் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போய்விட்டது. இடம் மாறும்போதெல்லாம் ரசிகரின் செலவும் மாறுகிறது. 2012இல் கொல்கத்தா உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. 2019 பிப்ரவரியில் வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி, நூறு சேனல் வரை 130 ரூபாயும் வரியும் அடிப்படைக் கட்டணம், வேண்டிய கட்டணச் சேனலுக்கு மட்டும் தனிப் பணம் என்றது. தேர்வு நம் கையில் வந்தது நல்லதுதான். ஆனால் பட்டியலைப் படித்துத் தேர்ந்தெடுக்கத் தெரியாத முதியவர்கள், எது கிடைத்ததோ அதையே வாங்கிக்கொண்டார்கள். இப்போது மாதச் சந்தா தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. குறை சொல்லப் போன் எடுத்தால் மொழிக்கு ஒரு எண், சேவைக்கு ஒரு எண் என்று அழுத்திக்கொண்டே போய், கடைசியில் இசை கேட்டுக் காத்திருக்க வேண்டும். சைக்கிளில் வந்தவரிடம் பிடித்துக்கொண்ட பத்து ரூபாயை எந்தச் செயலியிடமும் பிடித்துக்கொள்ள முடியாது.

இதில் மனம் தளர வேண்டியதில்லை. முகம் விலகிய அதே காலத்தில் சட்டம் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறது. 1986 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஊரடங்கு நடுவே 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. இணையத்திலேயே மனு போடும் வசதி 2020 செப்டம்பரில் வந்தது. ஊரடங்கில் ரத்தான பயணத்துக்கு விமான நிறுவனங்கள் பணம் தராமல், அடுத்த பயணத்துக்கான இருப்பு (கிரெடிட் ஷெல்) என்று நிறுத்திவைத்தபோது, அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பயணிகளுக்குப் பணத்தைத் திருப்பித் தர வழிசெய்தது. தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரில் அமலானது. சேருவதற்கு ஒரே பொத்தான், விலகுவதற்கு வழியே தெரியாத சந்தா போன்ற 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்தது. அன்று அம்மாவுக்கு வாசல் இருந்தது. இன்று நமக்கு இவை இருக்கின்றன. பயன்படுத்தாத உரிமையால் யாருக்கும் பயனில்லை.

ஹௌராப் பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தையை ஒட்டிய கங்கைக் கரையில் இன்றும் விடியற்காலையில் மண்ணைக் கொத்தி மல்யுத்தம் பழகுகிறார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்த உழைப்பாளிகள் பலர் அதில் உண்டு. டிக்கெட் இல்லை, சந்தா இல்லை. ஓரமாக நின்று பார்ப்பவரை யாரும் விரட்டுவதில்லை. என் அக்கா மகனை ஒரு நாள் அங்கே கூட்டிப்போனேன். திரையில் எத்தனையோ மல்லர்களைப் பார்த்தவன், மண் வாசனையோடு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு வாய் ஓயாமல் கேள்வி கேட்டான்.

அன்று வசதி குறைவு, இன்று வசதி அதிகம். இதில் ஒளித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. மின்வெட்டும் புள்ளி விழுந்த படமும் திரும்பி வர வேண்டாம். ஆனால் பார்ப்பவர் இல்லாமல் கோதா இல்லை என்பதை 2020 நமக்குக் காட்டிவிட்டது. நியாயம் கேட்பவர் இல்லாமல் சந்தையும் நேர்மையாக நடக்காது.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வாரத்தில் ஒரு ஆட்டத்தையாவது வீட்டில் எல்லோரும் ஒரே திரையில், சத்தம் போட்டுப் பாருங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அடுத்தது, எந்தப் பொருளுக்கும் எந்தச் சேவைக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதை வீட்டுச் சுவரில், பெரியவர்கள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.